760-ல ஒரு பள்ளம்

காசிமேட்டுல எங்க மாமா மாதிரி லாஞ்சுல தொழிலுக்குப் போறவங்களுக்கு இப்பல்லாம் போன்லயே தகவல் வந்துடுது, கரையிலேர்ந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், அங்க ஆழம் எவ்ளோ, அந்தப் பக்கம் போனா மீன் கெடைக்க வாய்ப்பு இருக்குன்னு. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் சாட்டிலைட் டேட்டாவை வெச்சுப் போடற தகவல் அது. தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்செல்லாம் கட்டிக் கெடக்குமே அப்ப, வலை பொத்திக்கிட்டே மாமா கேட்டாரு, "ஏம்மா, அம்மாம் மேல சுத்தினுகீற அதுக்கு மீனு எப்டிமா தெரியுது? தண்ணி மேலயே நின்னுகினு பாக்கற எங்களுக்கே தெரில."

"மீனு தெரியாது மாமா, தண்ணியோட கலருதான் தெரியும். பச்சை எங்க ஜாஸ்தியா இருக்குன்னு பாக்கும். அது கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசி. அதைத் தின்ன சின்னது வரும், சின்னதைத் தின்ன பெருசு வரும். தண்ணி சூடு எங்க சட்டுனு மாறுதுன்னும் சேத்துப் பாப்பாங்க."

"கலரா? காலைல ஒரு கலரு, மத்தியானம் ஒரு கலரு, மேகம் வந்தா வேற கலரு. அத்த நம்பி டீசல் போட்டுக்கினு போறதா?"

சரியான கேள்வி. நான் பொழுதன்னிக்கும் சாட்டிலைட் டேட்டாவோட மல்லுக்கட்டறவ, எங்க ஃபீல்டுக்குப் புதுசா வர்ற பசங்க பல பேர் இந்தக் கேள்வியைக் கேக்காமலே நேரா மேப்பு போட உக்காந்துடறாங்க.

கலரை நம்பறதுக்கு வழி, அதைக் கலரா பாக்காம அலைநீளமா பாக்கறது. பாசிக்குள்ள இருக்கற பச்சை நிறமி, குளோரோஃபில், 443 நானோமீட்டர் பக்கத்துல நீல வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும், 555 பக்கத்துல பச்சையை அவ்ளோவா தொடாது, ரெண்டுத்தோட விகிதத்தைப் போட்டா தண்ணில பாசி எவ்ளோன்னு ஒரு கணக்கு வந்துடும். நம்ம ஓஷன்சாட்ல இருக்கற ஓசிஎம் கேமராவுக்கு 412, 443, 490, 510, 555னு வரிசையா பேண்டு, அதாவது ஒவ்வொண்ணும் ஒரு அலைநீளத்தைச் சுத்தி குறுகலா ஒரு பட்டை, வெச்சிருக்கறது இதுக்குத்தான். பேண்டுக்கு 443னு பேரு வெச்சாச்சு, ஃபைல்லயும் 443னு எழுதியாச்சு. ஆனா 700 கிலோமீட்டருக்கு மேல உசரத்துல சுத்திக்கிட்டிருக்கற அந்தப் பொட்டிக்குள்ள அந்த பேண்டு இன்னிக்கும் 443-லதான் நிக்குதா, இல்ல மெல்ல நகந்து 441-க்கோ 445-க்கோ போயிடுச்சான்னு யாரு பாக்கறது, எதை வெச்சுப் பாக்கறது? இதைத்தான் ஸ்பெக்ட்ரல் கேலிப்ரேஷன்னு சொல்றோம். வெளிச்சம் எவ்ளோ வந்துச்சுன்னு அளக்கற கேலிப்ரேஷன் வேற, அதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. வந்த வெளிச்சம் எந்த அலைநீளத்துல வந்துச்சுன்றதை மட்டும் ஃபைல்ல எழுதியிருக்குல்ல, அது சரியாத்தான் இருக்கும்னு விட்டுடுவாங்க. தையல்காரர் கையில இருக்கற டேப்பே இழுத்துக்கிட்டு நீண்டு போயிருந்தா அவரு எவ்ளோ பொறுமையா அளந்தாலும் சட்டை இறுக்கத்தான் செய்யும்.

மொத ரெண்டு ஓஷன்சாட்ல இருந்த ஓசிஎம் மாதிரி கேமராவுல பேண்டெல்லாம் கொஞ்சம் அகலம், சுமாரா 20 நானோமீட்டர், அதனால சின்ன நகர்வு பெரிய கொலை எதுவும் பண்ணிடாது. அங்கயும் ஒரு சங்கதி நடந்திருக்கு. 1999-ல போன முதல் ஓஷன்சாட்ல ஒரு பேண்டு 765-ல இருந்துச்சு. 2009-ல போன ஓஷன்சாட்-2-ல அதைத் தூக்கி 740-க்கு மாத்திட்டாங்க. காரணம் காத்துல இருக்கற ஆக்சிஜன். 760 நானோமீட்டர் பக்கத்துல ஆக்சிஜன் வெளிச்சத்தை அப்படியே முழுங்கிடும், அங்க ஸ்பெக்ட்ரத்துல, அதான் வெளிச்சத்தை அலைநீளவாரியா பிரிச்சு விரிச்சதுல, கிணறு வெட்டின மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், ஏ-பேண்டுனு பேரு. கடலைப் பாக்க வந்தவங்களுக்கு அந்தப் பள்ளம் தொல்லை, ஒதுங்கிப் போயிட்டாங்க. எனக்கு அந்தப் பள்ளம்தான் எல்லாமே, ஏன்னு போகப்போக சொல்றேன்.

நெஜமான தலைவலி ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்ல வருது. நாலஞ்சு பேண்டுக்குப் பதிலா நூத்துக்கணக்குல, ஒவ்வொண்ணும் 10 நானோமீட்டர் அகலத்துல, பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். 2000 நவம்பர்ல நாசா அனுப்பின இஓ-1 சாட்டிலைட்ல ஹைப்பரியன்னு ஒரு கருவி இருந்துச்சு, 242 பேண்டு. நம்ம இஸ்ரோ 2018 நவம்பர் 29-ஆம் தேதி பிஎஸ்எல்வி-சி43-ல ஹைசிஸ்னு ஒரு ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் சாட்டிலைட் அனுப்பிச்சாங்க. ஸ்ரீஹரிகோட்டாவுல கெளம்பற ராக்கெட்டு வானம் தெளிவா இருந்தா எங்க தண்டையார்பேட்டை மொட்டைமாடிலேர்ந்தே தெரியும், எல்லா வீட்டு மாடிலயும் ஆளுங்க நின்னுக்கிட்டு வடக்கால பாத்துக்கிட்டிருப்பாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த உறுமல் சத்தம் வந்து சேரும். அந்த உறுமலைக் கேக்கறப்பல்லாம் எனக்கு உள்ள வெளிச்சத்தைப் பிரிக்கற கிரேட்டிங்கைப் பத்திதான் கவலை, இவ்ளோ ஆட்டம் ஆடிட்டுப் போகுதே, லேப்ல வெச்ச எடத்துலயே இருக்குமான்னு.

உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன். தரையிலேர்ந்து வர்ற வெளிச்சம் ஒரு லென்ஸு கண்ணாடி வழியா போயி ஸ்லிட்டுன்னு ஒரு மெல்லிசான சந்து மேல விழும். ஸ்லிட்டைத் தாண்டின வெளிச்சத்தை ஒரு கிரேட்டிங் வானவில் மாதிரி பிரிக்கும், பிரிஞ்சது வெளிச்சத்தை அளக்கற ஒரு டிடெக்டர் மேல விரியும். டிடெக்டர்ல ஒரு பக்கம் அலைநீளம், இன்னொரு பக்கம் தரையில இடது வலது. சாட்டிலைட் முன்னாடி நகர நகர, வரி வரியா படம் சேரும். இப்ப ஒரு பிக்சல் 30 மைக்ரான், அந்த ஒரு பிக்சல்ல 10 நானோமீட்டர் அடங்குதுன்னு வெச்சுக்கோங்க. ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரில ராபர்ட் கிரீன்னு ஒருத்தர் 1998-ல எழுதின பேப்பர் இந்த வேலையில இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், பேண்டோட அகலத்துல ஒரு சதவீதம் அளவுக்கு அலைநீளம் துல்லியமா தெரிஞ்சிருக்கணும்னு கணக்குப் போட்டுக் காட்டினாரு. 10 நானோமீட்டர்ல ஒரு சதவீதம் 0.1 நானோமீட்டர். டிடெக்டர் மேல அது எவ்ளோ தூரம்? 0.3 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை மூவாயிரமா வெட்டினா அதுல ஒரு துண்டு. ராக்கெட்டு குலுக்கல்ல, மேல போனதும் வெயிலும் நிழலும் மாறி மாறி அடிக்கற சூட்டுல குளிர்ல, மேல எடை இல்லாம போனதுல ஸ்க்ரூவும் ஃபிரேமும் லேசா தளர்றதுல, டிடெக்டரோ கிரேட்டிங்கோ அந்தத் துண்டு தூரத்துக்கு மேல நகரக் கூடாது. நகந்தா நமக்குத் தெரிஞ்சாகணும்.

ஒண்ணுமே நகரலைன்னாலும் ஒரு நகர்வு வந்துடும், இதை மொதமொத கேட்டப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல. லேப்ல காத்து இருக்கு. காத்துக்குள்ள வெளிச்சத்தோட அலைநீளம் காத்தே இல்லாத வேக்குவத்துல இருக்கறதை விட சுமாரா 0.027 சதவீதம் கம்மி. கிரேட்டிங் பாக்கறது அந்த எடத்துல இருக்கற அலைநீளத்தை. அதனால லேப்ல எந்த பிக்சல்ல வேக்குவக் கணக்குப்படி 760.0 வந்து விழுந்துச்சோ, மேல வேக்குவத்துல அதே பிக்சல்ல 759.8 வந்து விழும். 0.2 நானோமீட்டர்! நமக்கு அனுமதியே 0.1. கையும் படாம காலும் படாம, காத்து போனதுக்கே ரெண்டு மடங்கு. அதான் பெரிய தெர்மல் வேக்குவம் சேம்பர்ல வெச்சு டெஸ்ட் பண்றது, அதான் டேபிள்ல எழுதற அலைநீளம் காத்துலயா வேக்குவத்துலயான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டாகணும். கிரேட்டிங் இல்லாம ஃபில்டர் போட்ட கேமராவுல இன்னொரு விதம், பழைய ரக ஃபில்டர் பூச்சு நுண்துளையா இருக்கும், தரையில இருக்கறப்ப காத்து ஈரத்தைக் குடிச்சு வெச்சிருக்கும், வேக்குவத்துக்குப் போனதும் அந்த ஈரம் வெளிய போயிடும், ஃபில்டர் விடற அலைநீளம் நீலப் பக்கமா நகந்துடும்.

இதையெல்லாம் வாயால சொன்னா யாருக்கும் உறைக்காது, கையில செஞ்சு பாத்தாதான் உறைக்கும். எங்க மாடியில லீவு நாள்ல பக்கத்து வீட்டுப் பசங்களை வெச்சு ஒரு பொட்டி செஞ்சோம். ஷூ வந்த அட்டைப்பொட்டி, ஒரு ஓரத்துல ரெண்டு பிளேடை ஒட்டி நடுவுல முடி நொழையற சந்து, மறு ஓரத்துல பழைய டிவிடி ஒண்ணோட தகட்டைப் பிரிச்சு வெட்டி ஒட்டி, அதுக்குப் பின்னாடி போன் கேமரா. டிவிடில தடங்களுக்கு நடுவுல இருக்கற தூரம் 0.74 மைக்ரான், சிடிய விட நெருக்கம், நல்லா பிரிக்கும். மொதல்ல மளிகைக்கடை வாசல்ல இருக்கற பழைய டியூப்லைட்டைக் காட்டினோம். பாதரசக் கோடுங்க பளிச்சுனு வந்துச்சு, ஊதால 435.8, பச்சையில 546.1. ரெண்டு கோடு தெரிஞ்சா போதும், படத்துல எந்த பிக்சல் எந்த அலைநீளம்னு ஸ்கேல் போட்டுடலாம். அப்புறம் சூரியனை நேரா காட்டாம, வெயில் பட்ட வெள்ளைப் பேப்பரைக் காட்டினோம். வானவில் பட்டைக்குள்ள மெல்லிசா கறுப்புக் கோடுங்க. மூணாவது வீட்டுப் பையன் கத்தினான், "அக்கா, கீறல் விழுந்துகீது அக்கா!" கீறல் இல்லடா, அது சூரியன் போட்ட கோடு. 589-ல சோடியம், 517 பக்கத்துல மக்னீசியம், 486-ல ஹைட்ரஜன்.

வேடிக்கை அதுக்கப்புறம்தான். பொட்டியை வெயில்லயே வெச்சுட்டு எல்லாரும் மோர் குடிக்கப் போயிட்டு வந்து பாத்தா, ஸ்கேல் போட்ட எடத்துலேர்ந்து சோடியம் கோடு தள்ளி நிக்குது. யாரும் தொடல. அட்டை சூட்டுல வளைஞ்சிருக்கு. பசங்க மறுபடி டியூப்லைட்டுக்கு ஓடலாம்னாங்க, பட்டப்பகல்ல கடைக்காரர் லைட்டைப் போட மாட்டாரு. அப்பதான் அந்தப் பையனே சொன்னான், "சோடியம் எங்க இருக்கணும்னு நமக்குத்தான் தெரியுமேக்கா, அத்த வெச்சே தள்ளிப்போட்டா ஆச்சு." சாட்டிலைட்டுக்கு மேல பண்றதும் அதேதான். இப்ப தெருவெல்லாம் எல்இடி ஆயிடுச்சு, அதுல கூரான கோடே கிடையாது, மொத்தமா குன்று மாதிரி ஒரு பட்டை வரும், ஸ்கேல் போட உதவாது. இனிமே பசங்களுக்கும் சூரியன்தான்.

அந்தக் கறுப்புக் கோடுங்களை 1802-ல வொல்லாஸ்டன் பாத்தாரு, 1814-ல ஃபிரான்ஹோஃபர் உக்காந்து நூத்துக்கணக்குல வரைஞ்சு ஏ, பி, சி, டினு பேரு வெச்சாரு. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு தனிமத்தோட கையெழுத்துன்னு கிர்ச்சாஃப், பன்சன் ரெண்டு பேரும் 1859, 60-ல சொன்னாங்க. ஃபிரான்ஹோஃபர் வெச்ச ஏ-யும் பி-யும் சூரியனோடது இல்ல, நம்ம காத்துல இருக்கற ஆக்சிஜனோடது. 760-ல இருக்கற அந்தப் பள்ளத்துக்கு ஏ-பேண்டுனு பேரு வந்தது அங்கேர்ந்துதான்.

இதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். குண்டூர்ல பிரான்ஸ்காரர் ஜான்சன் ஸ்பெக்ட்ரோஸ்கோப்போட நின்னாரு. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரிலேர்ந்து போக்சன் மசூலிப்பட்டணம் போயிருந்தாரு. கிரகணத்துல சூரியன் ஓரத்துல பளிச்சுனு ஒரு மஞ்சக் கோடு. பாத்த உடனே யாருக்கும் சோடியம்னுதான் தோணும், எடம் அங்கதான். ஆனா சோடியம் கோடு ரெண்டும் 589.0, 589.6. இது 587.6. அதே வருஷம் இங்கிலாந்துல லாக்கியர் அளந்து பாத்து, இது சோடியம் எடத்துல இல்லன்னு உறுதியா சொன்னாரு. அதுதான் ஹீலியம். பூமியில அது கைக்குக் கெடச்சது 1895-ல, ராம்சே மூலமா. ஒன்றரை நானோமீட்டர்ங்க! ஒன்றரை நானோமீட்டரை யாராவது அலட்சியமா விட்டிருந்தா ஹீலியத்தை சோடியம்னு எழுதி வெச்சுட்டுப் போயிருப்பாங்க. அலைநீளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கறவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்றது.

நுங்கம்பாக்கத்துல அந்தப் பழைய அப்சர்வேட்டரியோட கருங்கல் தூண் இன்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்துல நிக்குது, 1792-ல நட்டது, தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கும். கருவி ஒரு துளியும் ஆடக் கூடாதுன்னு அம்மாம் பெரிய கல்லு. மேல சுத்தற கருவிக்கு அப்படி ஒரு கல்லைக் குடுக்க முடியாது. ஆடத்தான் ஆடும், ஆடினது எவ்ளோன்னு கண்டுபிடிக்க வழி வெச்சு அனுப்பணும்.

வழிங்க பல விதம். 1995-ல ஐரோப்பாக்காரங்க அனுப்பின கோம் கருவியில ஒரு விளக்கையே கூட வெச்சு அனுப்பினாங்க, பிளாட்டினம், குரோமியம், நியான் கலந்தது, ஏத்தினா கூரான கோடுங்களா தரும், நாங்க டியூப்லைட்டைக் காட்டின மாதிரியே. மோடிஸ் கருவிக்குள்ள அலைநீளத்தை சோதிக்கறதுக்குன்னே தனியா ஒரு குட்டி மோனோகுரோமேட்டர், ஒரு நேரத்துல ஒரு அலைநீளத்தை மட்டும் விடற கருவி, இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது மெரிஸ் கருவியில வெச்சது, இப்ப சென்டினல்-3-ல இருக்கற ஓஎல்சிஐ-லயும் அதே ஏற்பாடு. சூரிய வெளிச்சத்தைச் சிதறடிச்சு உள்ள அனுப்ப வெள்ளைத் தட்டு ஒண்ணு இருக்கும், அது இல்லாம இன்னொரு தட்டு, எர்பியம் கலந்தது, லேசான ரோஸ் கலர். எர்பியம் சில குறிப்பிட்ட அலைநீளத்துல மட்டும் வெளிச்சத்தை உறிஞ்சும், அது எங்கங்கன்னு லேப்ல துல்லியமா அளந்து வெச்சாச்சு. ஒரு சுத்துல ரோஸ் தட்டைப் பாக்கும், இன்னொரு சுத்துல வெள்ளைத் தட்டைப் பாக்கும், ரெண்டையும் வகுத்தா சூரியன் போயிடும், எர்பியம் மட்டும் நிக்கும். கோடு எந்த பிக்சல்ல விழுந்துச்சுன்னு பாத்தா வேலை முடிஞ்சுது.

ஆனா விளக்கு மங்கும், தட்டு வெயில்ல பழுக்கும், சின்ன சாட்டிலைட்ல இதுக்கெல்லாம் எடமும் இருக்காது. எப்பவும் கெடைக்கற ரெண்டு, சூரியனும் காத்தும். சூரியனோட கோடுங்க கூட முழுசா சும்மா விடாது, சாட்டிலைட் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல போகுது, சூரியனைப் பாத்துப் போறப்ப டாப்ளர் நகர்வு, அதான் வேகத்தால அலைநீளம் மாறித் தெரியறது, 400 நானோமீட்டர்ல 0.01 வரும். கொடைக்கானல்ல எவர்ஷெட் 1909-ல சூரியப் புள்ளில வாயு வெளிப் பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சது இந்த மாதிரி பொடி நகர்வை வெச்சுத்தான். என்னோட 10 நானோமீட்டர் பேண்டுக்கு 0.01 ஒண்ணும் இல்ல, ஆனா மணலி புகையில இருக்கற நைட்ரஜன் டையாக்சைடு, சல்ஃபர் டையாக்சைடைத் தேடற ட்ரோபோமி மாதிரி கருவிக்கு அதுவும் கணக்குதான், அவங்க ஃபிரான்ஹோஃபர் கோடுங்களை வெச்சு பிக்சல் பிக்சலா ஒட்டிப் பாப்பாங்க.

இனி 760-க்கு வர்றேன். காத்துல ஆக்சிஜன் 20.95 சதவீதம், எண்ணூர்லயும் அதே, சஹாராவுலயும் அதே. மேடான எடத்துல பள்ளம் கொஞ்சம் ஆழம் கம்மியாகும், தூசி இருந்தா மாறும். ஆனா பள்ளம் இருக்கற எடம் மாறாது. அதோட இடது கரை 759.4 பக்கத்துல செங்குத்தா எறங்கும், செங்குத்தா இருக்கறதாலதான் லேசா நகந்தாலும் பெருசா தெரியும். செய்யறது என்னன்னா, காத்து வழியா வர்ற வெளிச்சம் எப்படி இருக்கணும்னு மாடல்ல கணக்குப் போட்டு, கருவியோட பேண்டு வடிவத்துல அதைக் கொழைச்சு, 0.05 நானோமீட்டர் 0.05 நானோமீட்டரா இடமும் வலமும் தள்ளித் தள்ளி சாட்டிலைட் அளந்ததோட பொருத்திப் பாக்கணும். எந்தத் தள்ளல்ல வித்தியாசம் ரொம்பக் கம்மியோ அதுதான் நகர்வு. நீராவிக்கு 940, 1140 பக்கத்துல, கார்பன் டையாக்சைடுக்கு 2010, 2060 பக்கத்துல இதே மாதிரி பொருத்தலாம், ஆக்சிஜன் பள்ளம் மாதிரி கூரா இருக்காது.

கணக்கே போடாம கண்ணாலயும் பாத்துடலாம். பச்சை எலை நெறைஞ்ச ஒரு பிக்சலை எடுங்க. எலை 750-லேர்ந்து 780 வரைக்கும் வழவழன்னு மேடா இருக்கும், அங்க எலைக்கு மேடு பள்ளம் எதுவும் கெடையாது. காத்தோட பாதிப்பை நீக்கின அப்புறமும் 760-ல ஒரு முள்ளு மேல குத்திக்கிட்டு பக்கத்துலயே ஒரு குழி விழுந்திருந்தா, அது எலை இல்ல, அலைநீளம் நகந்திருக்கு. மாடல் பள்ளத்தை ஒரு எடத்துல ரொப்புது, நெஜப் பள்ளம் இன்னொரு எடத்துல இருக்கு. அந்த முள்ளைப் பாத்தா எனக்கு மேல போகவே மனசு வராது.

இன்னொரு சிக்கல், பேரு ஸ்மைல். ஸ்லிட்டு நேரா இருந்தாலும் டிடெக்டர் மேல அதோட பிம்பம் லேசா சிரிப்பு மாதிரி வளைஞ்சு விழும். அப்ப படத்தோட நடு காலம்ல (காலம்னா நேரம் இல்ல, இங்கிலீஷ் column, மேலேர்ந்து கீழ போற பிக்சல் வரிசை) ஒரு அலைநீளம், ஓரத்து காலம்ல வேற அலைநீளம், பேண்டு நம்பர் மட்டும் ஒண்ணு. ஹைப்பரியன்ல கண்ணுக்குத் தெரியற பகுதியில இந்த வளைவு 2.6-லேர்ந்து 3.5 நானோமீட்டர் வரைக்கும் இருந்துச்சு. வேணும்ங்கறதோ 0.1. அதனால ஒரு சீனுக்கு, அதாவது சாட்டிலைட் எடுத்த ஒரு படத்துக்கு, ஒரு ஷிஃப்ட், ஒரு நகர்வுன்னு முடிச்சுட முடியாது, ஹைப்பரியனுக்கு 256 காலம், ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியா 760-ஐப் பொருத்தி, அந்த வளைவை வரைஞ்சு, அதுக்கப்புறம்தான் காத்தைக் கழிக்கற வேலையே.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, எங்க பக்கம் இருக்கற நெலமை அப்படி. 2017 ஜனவரி 28-ல எண்ணூருக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு, சனங்க பக்கெட்டால அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல மறுபடி எண்ணெய், வலையெல்லாம் கறுப்பு, படகெல்லாம் கறுப்பு. கொசஸ்தலை ஆத்துல சாம்பல். கொடுங்கையூர்ல குப்பைமேடு. இதுல பாதிக்கு மேல ஸ்பெக்ட்ரத்துல அடையாளம் உண்டு. கெட்டியா மெதக்கற எண்ணெய்க்கு 1730, 2310 நானோமீட்டர் பக்கத்துல பள்ளம், மீத்தேனுக்கு 2300 பக்கத்துல நெருக்கமா பல் பல்லா ஒரு வரிசை. எல்லாமே குறுகின அடையாளம். 1730-க்குக் கொஞ்சம் தள்ளினதுமே நீராவி உறிஞ்ச ஆரம்பிச்சுடும், நம்ம கடலோரக் காத்துல நீராவிக்குப் பஞ்சமா? அலைநீளம் அரை நானோமீட்டர் நகந்திருந்தா 940-ல நீராவி அளவு தப்பா வரும், அந்தத் தப்பான நீராவியை வெச்சு கணக்குப் போட்டா, தப்பு அடுத்த பேண்டு, அதுக்கடுத்த பேண்டுனு பரவிடும். எண்ணெய் இல்லாத எடத்துல எண்ணெய் மாதிரி ஒண்ணு தெரியும், இருக்கற எடத்துல மறைஞ்சும் போகும். கடல் தண்ணி மேல இன்னும் மோசம், சாட்டிலைட்டுக்கு வந்து சேர்ற வெளிச்சத்துல பெரும்பங்கு காத்து சிதறடிச்சது, தண்ணிலேர்ந்து வந்தது பத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

எண்ணூர் சனங்க கையில ஒரு மேப்பைக் குடுத்தா அது கூட்டத்துல, கோர்ட்டுல நிக்கணும். எதிர்ல இருக்கற நிபுணர் மொத கேள்வியா உங்க பேண்டு நெஜமா எங்க இருந்துச்சுன்னு கேட்டா, ஃபைல்ல எழுதியிருந்துச்சுன்ற பதில் எடுபடாது. இந்தத் தேதி சீன்ல, எண்ணூர் விழுந்த இந்த காலம்ல, ஆக்சிஜன் பள்ளத்தை வெச்சுப் பாத்தோம், நகர்வு இவ்ளோ, திருத்தினது இவ்ளோன்னு சொன்னா அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சுடும். சாட்டிலைட் மேப்புன்னு சொல்லி வாட்ஸ்அப்ல செவப்பும் மஞ்சளுமா சுத்தற படங்க எதுலயும் இந்த ஒரு வரி இருக்காது, அதனாலயே அது எல்லாம் எங்க சனங்களுக்கு உதவாம போகுது, எனக்குக் கோவம் வர்ற எடம் இது.

எண்ணூருக்கு ஒரு புது சீன் கையில வந்தா நான் மொதல்ல தேடறது கழிமுகத்துல இருக்கற அலையாத்திக் காட்டைத்தான், நல்ல பச்சை, தண்ணிக்குப் பக்கத்துலயே இருக்கு, எண்ணெய் தேடற எடத்துக்கும் அதுக்கும் பெரும்பாலும் கிட்டக்கிட்ட காலம்தான். அங்க 760-ல முள்ளு இருக்கான்னு பாப்பேன். இருந்துச்சுன்னா ஒவ்வொரு காலத்துக்கும் தனியா பொருத்தி எடுப்பேன். சீனோட ஓரத்துல எண்ணூர் விழுந்திருந்தா ஸ்மைல் அங்கதான் ஜாஸ்தி, ஓரத்து காலத்துக்கு நடு காலத்தோட ஷிஃப்டைப் போட்டு ஒப்பேத்தக் கூடாது. வடசென்னையைப் பத்தி மேப்பு போடற காலேஜ் பசங்க, தன்னார்வலருங்க, ஆராய்ச்சி பண்றவங்க எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள், தேதிக்கும் ஸ்கேலுக்கும் பக்கத்துல இன்னொரு வரி சேத்துடுங்க, 760-ல எடுத்த ஷிஃப்ட் எத்தனை நானோமீட்டர், எந்த காலம்லேர்ந்து எந்த காலம் வரைக்கும்.